சவிரிமுத்து அண்ணை முதுகு காட்டிய நாள்

போன சனிக்கிழமை ஒரு கௌபோய்க்கு இரத்த அழுத்த மாத்திரை கொடுத்தேன்.

சிரிக்காதீர்கள். தொப்பி, தோல் சப்பாத்து, நெஞ்சில் தகர நட்சத்திரம் எல்லாம் இருந்தன. வயது எண்பத்திரண்டு. இரண்டு முழங்காலும் சத்திரசிகிச்சை செய்தவை. பெயர் சவிரிமுத்து.

என் நண்பர்தான். மேடையில் நாற்பத்தொரு நாடகம், ரொறன்ரோவில் எடுத்த தமிழ்ப் படங்கள் ஒன்பது – நான் எண்ணி வைத்திருக்கிறேன். இங்கே கல்யாண மண்டபத்துக்குள் அவர் நுழைந்தால், மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவரோடு படம் எடுக்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். பத்தாவது படத்தோடு நடிப்புக்கு முழுக்கு என்று அறிவித்துவிட்டார். அது கௌபோய்ப் படம். அதுவும் தமிழில்!

யூனியன்வில் தாண்டி வடக்கே ஒரு பண்ணை. என் வீட்டிலிருந்து முப்பத்தொரு கிலோமீற்றர். எடுக்க வேண்டியது கடைசிக் காட்சி மட்டும். ஊரைக் காப்பாற்றிய கிழட்டு ஷெரீஃப், குதிரையில் மேட்டேறித் தனியே போய் மறைகிறார். கமெரா பின்னால் நிற்கும். வசனம் கிடையாது. இதைவிட எளிதான காட்சி உண்டா?

நம்மவர் படப்பிடிப்பு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். குடும்பம் குடும்பமாக வருவார்கள். மடக்குக் கதிரை, பிளாஸ்க்கில் தேநீர், பெட்டி நிறைய ரோல்ஸ். அன்றும் கமெராவுக்குப் பின்னால் பதினொரு பேர் இருந்தோம்.

இயக்குநர் டிலானி. வார நாளில் விமான நிலையத்தில் வேலை, வார இறுதியில் சினிமா.

“அக்‌ஷன்!” என்றாள்.

குதிரை நடந்தது. பதினைந்தாவது அடியில் அண்ணை சேணத்தில் இருந்தபடியே இடுப்பை வளைத்துத் திரும்பி எங்களைப் பார்த்தார்.

“கட்! அங்கிள், திரும்பக் கூடாது. ஜஸ்ட் போய்க்கொண்டே இருங்கோ.”

“ஓம் பிள்ளை, ஓம்.”

இரண்டாம் தரமும் திரும்பினார். மூன்றாம் தரமும். ஐந்து தரம் எடுத்தார்கள். ஐந்திலும் அதே திரும்பல். நான் தண்ணீர்ப் போத்தலோடு ஓடினேன். இடுப்பு பிடித்துக்கொண்டால் யார் பதில் சொல்வது?

“அங்கிள், ஏன் திரும்பிறியள்?”

“நான் எங்கை பிள்ளை திரும்பினனான்?”

அவருக்கே தெரியவில்லை! டிலானி சின்னத் திரையில் போட்டுக் காட்டினாள். இன்னொரு தரம் போடச் சொல்லிப் பார்த்தார்.

“அறுபத்தெட்டு வருஷமாச் சபைக்கு முதுகு காட்டினதில்லை. உடம்பு சொல்லுக் கேக்குதில்லை, பிள்ளை.”

பதினாலு வயதில் கோயில் முற்றத்தில் கூத்துப் பழகியவர். மேடையை விட்டுப் போகும்போதும் முகம் சபைக்குத் தெரிய வேண்டும். பக்கவாட்டில்தான் நகர வேண்டும். எலும்புக்குள் இறங்கிய பாடம். சபையோ, ரோல்ஸ் கடித்துக்கொண்டு அவர் பின்னால் இருக்கிறது.

மணி மூன்று இருபது. நான்கு மணிக்குக் குதிரை போய்விட வேண்டும். குதிரைக்காரி, ஒரு வெள்ளைக்காரப் பெண், நல்ல மனதோடு முன்வந்தாள். அண்ணையின் மேலங்கியையும் தொப்பியையும் தந்தால் தானே ஏறிப் போகிறாளாம். பின்பக்கம் மட்டும்தானே தெரியும்?

“என்ரை கடைசிப் படத்திலை ஒரு பொம்பிளையின்ரை முதுகோ?”

“உங்கட கூனல் முதுகை விட அது வடிவு” என்றார் அவருடைய மனைவி மேரி அக்கா.

எல்லோரும் சிரித்தோம். அண்ணை சிரிக்கவில்லை. “அப்ப இது என்ரை படமில்லை” என்று நெஞ்சிலிருந்த நட்சத்திரத்தைக் கழற்றத் தொடங்கினார்.

மேரி அக்கா எழுந்தார். கதிரையை மடக்கிக்கொண்டு டிலானியைப் பார்த்தார்.

“தங்கச்சி, உவருக்குச் சபை முன்னாலை இருக்கோணும். அவ்வளவுதான். எல்லாரும் எழும்புங்கோ!”

மேட்டை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.

கதிரைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம். இருநூற்றுப் பன்னிரண்டு அடி, முழுவதும் ஏற்றம். என் கணுக்கால் தாங்குமா, புல்லுக்குள் குழி இருக்குமா... போய்ச் சேர்ந்தோம். உச்சிக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் இறக்கத்தில் வரிசையாக அமர்ந்தோம். டிலானி தொலைபேசியில் சொன்னாள்: “கமெராவிலை நீங்கள் ஒருத்தரும் தெரியேல்லை. ஸ்டே தேர்!” நாங்கள் முன்னால் இருக்கிறோம் என்பது அண்ணைக்குத் தெரியும்; உச்சிக்கு வந்ததும் எங்கள் முகங்களும் தெரிந்தால் போதும்.

ஆறாவது தரம். குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. எண்ணினேன். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து... சத்தம் நிற்கவில்லை. பதினாறு!

அதற்குப் பிறகு எண்ண மறந்துவிட்டேன்.

முதலில் தொப்பி எழுந்தது. பிறகு முகம். எங்களைக் கண்டதும் கன்னம் ஒருமுறை துடித்தது. பிறகு வாயோரம் மெல்ல ஏறியது. ஊரை வென்று கொடுத்துவிட்டு, அதில் ஒரு பிடி மண்ணும் கேட்காமல் போகிறவனின் சிரிப்பு. யாரும் சொல்லிக் கொடுக்காமலே தொப்பியைக் கழற்றி எங்களுக்குத் தலை வணங்கினார். முதுகு, நேராக, கமெராவுக்கு.

“கட்! காட் இட்!” டிலானி கத்தியது இந்தப் பக்கம் வரை கேட்டது. கைதட்டினோம். மணி மூன்று ஐம்பத்திரண்டு. குதிரைக்காரியும் விசிலடித்தாள்.

விட்டுவிட்டுப் போவதற்கும் எதிரே நாலு முகம் தேவைப்படுகிறது, பாருங்கள்.

டிலானி மூச்சிரைக்க ஓடி வந்தாள். “அங்கிள், பெர்ஃபெக்ட்! அந்த முதுகே நடிச்சுது!”

படம் வந்ததும் நீங்களும் போய்ப் பாருங்கள். அருமையான முதுகு. முகம் எப்படி இருந்தது என்பதை மட்டும் எங்களிடம்தான் கேட்க வேண்டும்.