பெரட்டில் அக்கா சொன்ன பதில்

கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் பிறந்து, அதே லயத்தில் வாழ்ந்தவர் எங்கள் அக்கா. அம்மா காலமாகித் தோட்டத்து மேட்டில் அடக்கம் செய்தபோது அவருக்குக் கல்யாண வயது, நான் கைப்பிள்ளை. "தம்பி நடக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்று தள்ளிப்போட்டவர், நான் ஓடத் தொடங்கிய பிறகும் பார்க்கவில்லை. கொழுந்து பறித்தே என்னை வளர்த்தார். கோபக்காரர். நிறுக்கும் இடத்தில் தராசே அக்காவுக்குப் பயப்படும் என்று லயத்தில் கேலி செய்வார்கள்.

மண்ணெண்ணெய்க்கும் மாவுக்கும் நாடே வரிசையில் நின்ற ஆண்டில் அவசரகாலச் சட்டம் வந்தது. கூட்டம் கூடக்கூடாது, வேலைநிறுத்தம் கூடாது என்றார்கள். வரிசையில் நின்றவர்களோடு சேர்ந்து நானும் வீதியில் கோஷம் போட்டேன். மறுநாள் பொலிஸார் லயத்துக்கே வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே நிலையம் வரை ஓடிவந்த அக்காவிடம், அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். உள்ளே இருந்த எனக்கு அவருடைய குரல் கேட்டது. எந்தப் பொலிஸ் நிலையம் என்று இங்கே எழுதவில்லை. வேண்டாம் என்று உறவினர்கள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்கள்.

தோட்டத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் எந்தச் சட்டம் வந்தாலும் விடியற்காலைப் பெரட்டு நிற்காது. எல்லாரும் களத்தில் கூடவேண்டும். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, வேலை பிரித்து அனுப்புவார். நானும் அங்கே பேர் பதிந்த தொழிலாளிதான். என் பேரைக் கூப்பிட்டதும் அக்கா முன்னால் வந்தாராம்.

"தம்பி பொலிஸ்ல இருக்கான் ஐயா. புடிச்சிக்கிட்டுப் போயிட்டு இல்லேங்கிறாங்க."

"கூட்டத்துல இதெல்லாம் பேசாதம்மா. சட்டம் போட்டிருக்காங்க."

"இந்தக் கூட்டத்த நானா கூட்டுனேன்? நீங்கதானே வரச் சொன்னீங்க. பேரக் கூப்புட்டீங்க, எங்க இருக்கான்னு சொன்னேன்."

மறுநாளும் அதே பதில். அதற்கடுத்த நாள் கணக்கப்பிள்ளை என் பேரைத் தாண்டிப் போனார். "தம்பி பேர விட்டுட்டீங்களே" என்றார் அக்கா. வேலைக்குப் போகாமல் நிற்பதே குற்றமாயிருந்த நேரம் அது. ஆனாலும் பெண்கள் நகரவில்லை. கடைசியில் கணக்கப்பிள்ளை என் பேரைக் கூப்பிட்டார். "பொலிஸ்ல இருக்கான்!" என்று களமே சொன்னது. அந்தச் சத்தம் கடைவீதி வரை போயிற்று. அங்கே கடை வைத்திருந்த முஸ்லிம் நானா தம் வேனில் அக்காவை நுவரெலியாவுக்கு, ஒரு சட்டத்தரணி அம்மாவிடம் கூட்டிப்போனார். அதன் பிறகுதான், பிடிக்கவே இல்லை என்ற என்னை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

பிணையில் வந்தேன். வழக்கு இன்னும் முடியவில்லை. மாதாமாதம் போய்க் கையெழுத்து வைக்கிறேன். வெளியே வாகனச் சத்தம் கேட்டால் அக்கா என் தோளைத் தொட்டுப் பார்ப்பார். நெஞ்சுச்சளி முற்றிக் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "கையெழுத்து வச்சிட்டியா?" என்றுதான் கேட்டார். பயமே அறியாதவர் என்று எல்லாரும் புகழ்கிறார்கள். அப்படியில்லை. பயந்துகொண்டேதான் பேசினார். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

சட்டத்தரணி அம்மாவுக்கும், கடைக்கார நானாவுக்கும், பெரட்டில் கூடவே நின்ற பெண்களுக்கும், மழையில் பாடை சுமந்தவர்களுக்கும், பயத்தால் வராமல் மனதுக்குள் அழுதவர்களுக்கும் அக்கா போன முப்பத்தோராம் நாளான இன்று கைகூப்புகிறோம். கணக்கப்பிள்ளை ஐயாவுக்கும்தான். அடக்கத்துக்கு மறுநாள் பெரட்டில், பழக்கத்தில் அவர் அக்காவின் பேரைக் கூப்பிட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார். நான் முன்னால் போனேன்.

"மேட்டுல, அம்மா பக்கத்துல இருக்காங்க ஐயா."