சிவப்பு நூல் கட்டிய ஈட்டிகள்

அடியை மறுபடி அறுத்திருந்தார்கள். வேனிலிருந்து இறக்கிய மூங்கிலில் எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

எங்கள் பட்டறை கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மீன் குத்தும் ஈட்டி, தேங்காய் பறிக்கும் தொரட்டி, மலை ஏறுகிறவர்களுக்கு ஊன்றுகோல், டென்ட் கம்பு, எல்லாம் மூங்கிலில் கையால் செய்கிறோம். காதர் பாய் மூங்கிலை நெருப்பில் வாட்டி நிமிர்த்துவார், பிளப்பார். நான் கட்டுப் போடுவேன். ஓனர் துரைசாமி அண்ணன் ஆர்டர் பிடிப்பார், கை ஆள் போதாதபோது அவரும் உட்கார்ந்து கட்டுவார். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் வந்து கட்டு எப்படிப் போடுவது என்று கேட்கிறார்கள். அதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். கட்டுவதற்கு முன்னால் யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்பதைத்தான் நான் இவ்வளவு காலம் வேலை பார்த்தும் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. அதை எழுதுகிறேன்.

1. நூல்

ஈட்டியின் தலையை நாலாகப் பிளந்து, நடுவில் சின்ன ஆப்பு வைத்து விரிப்போம். பிளவு கீழே ஓடிவிடாமல் அதற்குக் கீழே மெழுகு பூசிய நைலான் நூலால் நெருக்கமாகச் சுற்றி இறுக்குவோம். அந்தக் கட்டு தளர்ந்தால் ஈட்டி வெறும் விறகு. அதனால் கட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் என்பது எங்கள் பட்டறை வழக்கம். ஏதாவது உடைந்து திரும்பி வந்தால் யார் கை என்று நிறமே சொல்லிவிடும். அண்ணனுக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு.

எனக்குச் சந்தேகப் புத்தி. மறைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு கட்டு மூங்கிலைக் காட்டி, "இது யார் தோட்டத்துதுங்கண்ணா?" என்று கேட்டேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ல, அம்மணி கேக்கட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

தோட்டத்து மூங்கில் என்றால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அனுமதி இல்லாமல் காட்டில் வெட்டியது என்றால் கேஸ். பட்டறைக்குச் சீல், கட்டினவருக்கும் விசாரணை. அதனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத மூங்கிலை நான் கையால் தொடமாட்டேன். இது ஊருக்கே தெரியும். ஒருமுறை மலைக்குப் போகிற சரக்கை நிறுத்திய வனத்துறை செக்போஸ்ட் கார்டு, கட்டைப் பார்த்துவிட்டு, "சிவப்பு நூலா? அந்தம்மா தோண்டித் துருவித்தான் கட்டியிருக்கும், போங்க" என்று விட்டுவிட்டாராம். டிரைவர் வந்து சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

2. வேன்

வேனில் வந்த மேனேஜர், மலை மேல் இருக்கும் ஒரு கேம்ப்பிலிருந்து வருவதாகச் சொன்னார். வருகிற விருந்தாளிகள் குளத்தில் மீன் குத்தி விளையாட ஈட்டி வேண்டுமாம். மூங்கிலை அவர்களே கொண்டுவந்துவிட்டார்கள். வாங்குகிறவர் பொருளோடு வந்தால் எனக்கு அங்கேயே ஒரு நமைச்சல் தொடங்கிவிடும்.

கல் மூங்கில். உள்ளே துளையே இல்லாத நல்ல சரக்கு. ஆனால் எல்லாவற்றின் அடியும் ரம்பத்தால் புதிதாக அறுக்கப்பட்டு வெள்ளையாக இருந்தது. தோட்டக்காரர் தரையை ஒட்டி வெட்டுவார். அப்படி வெட்டினால் அடிக்கணுவில் வேர் முளைத்த தடம் பொரி பொரியாக இருக்கும். இதில் ஒன்றில்கூட இல்லை. முள் புதருக்குள் அவசரமாகக் கை நுழைத்து இடுப்பு உயரத்தில் அரிவாளால் கொத்துகிறவர்களுக்குத்தான் அடிக்கணு கிடைக்காது. கொத்தின தடம் தெரியாமல் இருக்க அப்புறம் ரம்பம் போட்டிருக்கிறார்கள் என்று பட்டது.

"ஏனுங்க, இது எந்தத் தோட்டங்க?"

"ஆனைமலைப் பக்கங்க்கா."

"யார் தோட்டம்னு சொன்னீங்கன்னா தேவலைங்க."

"அதெல்லாம் எங்க முதலாளிக்குத்தானுங்க தெரியும். நீங்க என்னங்க்கா, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேக்கறீங்க?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அலுமினியக் கம்பு வந்த பிறகு தொரட்டி அவ்வளவாகப் போவதில்லை. இந்தக் கேம்ப்பைப் பிடித்தால் மற்ற கேம்ப்களும் வரும் என்று அவர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகம் வாடியது. இருந்தாலும் என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

"சரி அம்மணி. உனக்குப் புடிக்கலைன்னா வேண்டாம். திருப்பி அனுப்பிச்சுப்போடறேன்."

நான் நம்பினேன். வேன் போனதா, சரக்கோடு போனதா என்று எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

3. அந்தியூர்

அந்த வாரம் அந்தியூர்க் குதிரைச் சந்தை. சாட்டைக் கம்பும் தடியும் அங்கே நன்றாகப் போகும். வருஷா வருஷம் அண்ணன்தான் கடை போடுவார். வேறு யாரையும் விடமாட்டார். இந்த முறை, "நீ போய்ட்டு வா அம்மணி. குதிரையெல்லாம் பாத்த மாதிரியும் இருக்கும்" என்றார். புதுப் புடவை எடுத்துக்கொண்டு போனேன். எதிர்க் கடைக்காரர் தராசைச் சந்தேகப்பட்டேன். சாட்டைக் கம்பை வளைத்துப் பார்த்துவிட்டு வைத்த ஆளைச் சந்தேகப்பட்டேன். என்னை ஏன் அனுப்பினார் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்ததும் நூல்கண்டு கண்ணில் பட்டது. பாதிக்கு மேல் காலி. பக்கத்தில் இருந்த மெழுகு உருண்டையில் நூல் இழுத்த புதுப் பள்ளங்கள்.

அப்போது பட்டறையில் இருந்ததே நாங்கள் மூன்று பேர்தான். அண்ணனை என் மனம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆகவே காதர் பாய். அன்று முழுக்க அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டீ குடித்தால் சந்தேகம், குடிக்காவிட்டாலும் சந்தேகம். கடைசியில் அவரே வாட்டிக்கொண்டிருந்த மூங்கிலைக் கீழே வைத்தார். கோயமுத்தூர் உக்கடத்துக்காரர், கோபத்திலும் மரியாதை குறையாது.

"என்ன தங்கச்சி, காலைலருந்து என்னையவே பாத்துட்டு இருக்கீங்க?"

"என் நூலை யாரோ எடுத்திருக்காங்க பாய்."

"அந்த கேம்ப் ஈட்டிக்குத்தானே எடுத்தாரு? நீங்கதான் சரின்னுட்டீங்கன்னு அண்ணன் சொன்னாரே. இல்லைன்னா நான் வாட்டியிருப்பனா?"

காதர் பாய் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. "பின்னாடி ஷெட்டுல இருக்கு. இன்னிக்கு வேன் வருது" என்று மட்டும் சொன்னார்.

4. ஷெட்

சாக்கைப் பிரித்தேன். அடுக்கடுக்காக ஈட்டிகள். எல்லாவற்றிலும் சிவப்புக் கட்டு. மெழுகு, நெருக்கம், முடிச்சை உள்ளே இழுத்து மறைத்த விதம், எல்லாம் என்னுடையது மாதிரியே இருந்தது. ஒரு நிமிஷம் நான்தான் கட்டினேனோ என்றுகூடப் பயந்தேன்.

ஆனால் நான் இடதுகைக்காரி. என் நூல் இடப்பக்கமாகச் சுற்றும். இது வலப்பக்கமாகச் சுற்றியிருந்தது. நான் கட்டுவதைப் பல வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒருவரின் வலதுகை.

அண்ணன் வாசலில் வந்து நின்றார். நான் திரும்பவில்லை.

"உங்க பச்சை நூலைப் போட்டிருக்கலாம்லங்கண்ணா."

அடுத்த ஈட்டியை உருவி எடுத்தேன்.

"மாட்டுனா நான் மாட்டோணும்னு செஞ்சீங்களா?"

"அய்யோ, அப்படியில்ல அம்மணி!" அவர் உள்ளே ஓர் அடி வைத்தார். "உன்னைய மாட்டிவுடறதுக்கு இல்ல. செக்போஸ்டுல பச்சை நூல்னா அவுத்துப் பாப்பாங்க. உன் நூல்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அதான்."

அவர் சொன்னது நிஜம் என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் கூடுதலாக வலித்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் பட்ட சந்தேகம் எல்லாம் சேர்ந்து ஒரு பேராகி, அந்தப் பேர் திருட்டு மூங்கிலுக்கு அனுமதிச் சீட்டாகிவிட்டது. என் கழுத்துக்குக் கத்தி வருமே என்று அவர் யோசித்தே பார்க்கவில்லை.

கொத்துக்கத்தியை எடுத்து முதல் கட்டை அறுத்தேன். ஆப்பு தெறித்து விழுந்தது. இரண்டாவதை அறுத்தேன். அதற்குள் வேன் வந்துவிட்டது. மேனேஜர் உள்ளே எட்டிப் பார்த்துப் பதறினார்.

"ஏனுங்க்கா, கட்டுனதை நீங்களே அறுக்கறீங்க?"

"நான் கட்டலீங்க."

அவர் அண்ணனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணன் வந்து என் எதிரில் குந்தி, இன்னொரு கத்தியை எடுத்து ஒரு கட்டை அறுத்தார். தலை நிமிராமலேயே சொன்னார்: "மூங்கிலை அள்ளிட்டுப் போயிருங்க தம்பி. இந்த வேலை நமக்கு ஆகாது." காதர் பாயும் வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் அறுத்து முடித்தோம். அந்தக் கேம்ப் ஆர்டரும் போயிற்று, அதன் பின்னால் வரவேண்டியவையும் போயின.

நான் இன்னமும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். அண்ணன் நல்லவர்தான். அன்று ஒருநாள் பயந்துவிட்டார், அவ்வளவுதான் என்று எல்லோரிடமும் சொல்வேன். இப்போதெல்லாம் எந்த லோடு வந்தாலும் என் முன்னால் இறக்கி, தோட்டக்காரரையே போனில் பிடித்து என் கையில் கொடுக்கிறார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மூங்கிலைச் சந்தேகப்படுங்கள், கொண்டுவருகிறவரைச் சந்தேகப்படுங்கள். ஆனால் நம் பேரைப் பார்த்து மற்றவர்கள் சந்தேகப்படுவதை நிறுத்திவிட்டால், அன்றிலிருந்து நாம் பட வேண்டிய சந்தேகம் இரண்டு மடங்கு. அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

சாயங்காலம் கிளம்பும்போது சிவப்பு நூல்கண்டை டிபன் பைக்குள் போட்டு எடுத்துப் போகிறேன். அண்ணன் தினமும் அதைப் பார்க்கிறார். "வாரேனுங்கண்ணா" என்கிறேன். "போய்ட்டு வா அம்மணி" என்கிறார். நூலை வைத்துவிட்டுப் போ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.