இரண்டு மண்டலப் பத்தியம்

ஒரு காலத்தில் வேலம்பாளையத்தில் எங்கள் வீதிக்கு என் முகம்தான் சாட்சி. முகப்பருவுக்கு மருந்து உண்டா என்று எந்த வீட்டில் பேச்சு வந்தாலும் என்னைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் நிறுத்துவார்கள். மோவாயைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார்கள். "போன வருசம் இவ மூஞ்சி எப்புடி இருந்துச்சுன்னு நெனப்பு இருக்குதுங்களா?" என்று அம்மா கேட்பாள். எல்லோருக்கும் நினைப்பு இருந்தது. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, உள்ளுக்குள் பூரித்துப்போய் நிற்பேன். பதினெட்டு வயதுவரை வேறு எதற்காகவும் யாரும் என்னை வெளிச்சத்துக்கு அழைத்ததில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அந்த வருடங்களை நினைத்தால் முதலில் வருவது வெள்ளை நிறம்தான். பனியன் துணியை வெளுத்து நொய்யல் கரையில் காயப்போடுவார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் தரையே தெரியாது. காற்றடித்தால் அத்தனை துணியும் மூச்சு விடுவதுபோல மெல்ல எழுந்து, மெல்லப் படியும். அப்பாவுக்கு அங்கே வெளுப்புப் பட்டறையில் வேலை. சின்ன வயதில் நானும் தங்கையும் அவருக்குச் சோறு கொண்டுபோவோம். போகிற வழியில் அந்தத் துணிகளின் ஓரமாக நின்றுவிடுவோம். எவ்வளவு நேரம் நின்றோம் என்று இன்றைக்குக் கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு முழு மழைக்காலமே அங்கே நின்றதாகத்தான் தோன்றுகிறது. சோறு ஆறிப்போய்விட்டது என்று அப்பா ஒருநாளும் திட்டியதில்லை.

பிறகு நான் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். அங்கேயும் வெள்ளைதான். சன்னல் வழியாக விழும் வெயிலில் பஞ்சுத் தூசி மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் நின்றுகொண்டே இருக்கும். மத்தியானத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று தெரியாது. வெளுத்து வந்த துணியைச் சரிபார்ப்பது என் வேலை. வெளுக்க அனுப்பும் முன்பே ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சாண் துண்டு வெட்டி, எண் எழுதி, என் மேசையில் வைத்துவிடுவோம். துணி திரும்பி வந்ததும் அந்த வெளுக்காத துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது இல்லாமல் பார்த்தால் எந்தத் துணியும் வெள்ளையாகத்தான் தெரியும். நம் கண்ணுக்கு அவ்வளவுதான் சமத்து.

என் பருக்கதையைச் சொல்கிறேன். பதினேழு வயதில் என் கன்னம் இரண்டும் கொப்பளித்துக் கிடந்தன. அம்மா என்னைப் பெருமாநல்லூர்ச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு மூலிகைக்காரர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"எல்லாம் செடி கொடிங்க. ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுங்க. அரிசி கழுவுன தண்ணியில கொழைச்சு ஒரு மண்டலம் பூசோணும். கடலக்காய், கருவாடு, கத்திரிக்காய், தேங்காய் எதுவும் ஆகாது. மருந்து நின்னாலும் ஒரு வருசத்துக்குக் கடலக்காய் பக்கமே போகப்படாது. பத்தியம் தப்புச்சுன்னா மருந்து கேக்காதுங்க. அப்பறம் என்னையக் கொற சொல்லாதீங்க" என்றார்.

அவருடைய செடி கொடி மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் கிடையாது. சளி பிடித்தால் நானும் சுக்குத் தண்ணிதான் குடிக்கிறேன். அந்தத் 'தப்புச்சுன்னா' மேல்தான் கோபம். குணமானால் பெயர் மருந்துக்கு. ஆகாவிட்டால் பழி தின்றவளுக்கு. எத்தனை பேர் வந்து நின்றாலும் அந்த மனிதர் தோற்கவே முடியாது. அன்றைக்கு இதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. வேப்பம்பட்டை வாசம் அடித்த அந்தப் பொட்டலத்தைச் சாமி பிரசாதம் மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

நாற்பத்தெட்டு நாளும் பூசினேன். ஆனால் பத்தியம் இருக்கவில்லை. கம்பெனி வாசலில் வறுத்த கடலைக்காய் விற்பார்கள். டீ நேரத்தில் ஒரு பொட்டலம் வாங்கி, எனக்கு எதிர்மேசையில் வேலை செய்த சிநேகிதியோடு பங்கு போட்டுத் தின்பேன். ஒருநாள் விடவில்லை. மிச்சம் இருந்தால் தாவணி முடிச்சில் வீட்டுக்கும் வரும். மண்டலம் முடிந்து சில வாரத்தில் என் முகம் தெளிந்தது. அம்மா வீதியெல்லாம் சொன்னாள். கடலைக்காய் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சாட்சிக்கு அத்தனை மரியாதை இருக்கும்போது யார் கெடுத்துக்கொள்வார்கள்?

அடுத்த வருடம் தங்கையின் முறை வந்தது. அவளுக்குப் பதினாறு வயது, பதினோராம் வகுப்பு. எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் படித்தவர்கள் யாரும் இல்லை. இங்கிலீஷ் பாடத்தைச் சத்தமாகப் படித்தபடி கொல்லைக்கும் வாசலுக்கும் நடப்பாள். அர்த்தம் தெரியாவிட்டாலும் எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். அவள் படித்து டீச்சராக வேண்டும் என்று அவளைவிட நான் அதிகமாக ஆசைப்பட்டேன். அவளுக்குப் பரு வந்தபோது என்னைவிட மோசமாக வந்தது. நெற்றி, கன்னம், கழுத்துவரைக்கும். பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிப் பக்கத்தில் உட்காரக்கூடப் பிள்ளைகள் மறுத்தார்கள்.

"அக்காளுக்குக் கேட்ட மருந்து உனக்கும் கேக்குங் கண்ணு" என்றாள் அம்மா. ஆடிக் கடைசியில் அவளுடைய முதல் மண்டலம் ஆரம்பித்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அதைப் பூசிக்கொண்டு பாயில் மல்லாந்து படுத்திருப்பாள். பூச்சு காய்ந்து வெடிக்கும். சிரிக்கக்கூடாது, பேசக்கூடாது. கண் மட்டும் திறந்திருக்கும். கூரையைப் பார்த்தபடி எங்கேயோ போய்விட்டவள்போலக் கிடப்பாள். நானும் பக்கத்தில் படுத்து அவள் பார்க்கிற இடத்தையே பார்ப்பேன். அந்தச் சாயங்காலங்கள் கனவில் வருகிற மாதிரியே இப்போதும் வருகின்றன. அவளுக்கு முகம் இருக்காது, கண் மட்டும் இருக்கும்.

பத்தியத்தை அவள் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் பிடித்தாள். மூலிகைக்காரர் சொல்லாததையும் தானாகவே விட்டாள். கொள்ளுப் பருப்பு என்றால் உயிர். அது சூடு என்று யாரோ சொன்னதும் அதையும் விட்டாள். வெறும் ரசஞ்சோறுதான். நாற்பத்தெட்டு நாள் ஆயிற்று. ஒரு பரு குறையவில்லை.

அம்மாவால் நம்ப முடியவில்லை. எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள். எனக்கும் தங்கைக்கும் துணி வைக்க ஒரே தகரப்பெட்டி. ஞாயிற்றுக்கிழமை அதைக் கவிழ்த்து உதறினாள். அடியிலிருந்து கடலைக்காய்த் தோல் நான்கைந்து விழுந்தது.

அது என்னுடையது. என் தாவணி முடிச்சிலிருந்து சிந்தியது. அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் முகம் சுத்தமாக இருந்ததால் நான் தின்றிருக்க முடியாது. தங்கையின் முகத்தில் பரு இருந்ததால் அவள்தான் தின்றிருக்க வேண்டும். கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

"நான் திங்கலீங்கம்மா" என்றாள் தங்கை.

"தின்னுபோட்டு இல்லீங்கறயா? தோலு தானா நடந்து வந்துச்சா?"

தங்கை என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். நான் ஒரு பாவாடையை எடுத்து மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தேன். எத்தனையோ வருடமாயிற்று, அந்தப் பாவாடையின் கரை என்ன நிறம் என்றுகூட எனக்கு இப்போது சொல்ல முடியும்.

முதலில் இருந்து இன்னொரு மண்டலம் என்று முடிவாயிற்று. இந்தத் தடவை உப்பும் பாதி. தங்கை மெலிந்துபோனாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது மயங்கி விழுந்தாள். அதன் பிறகு போகவில்லை. "மூஞ்சி சரியாவட்டும், போறேன்" என்பாள். வாரக்கணக்காயிற்று. கார்த்திகை பிறந்ததும் டீச்சர் ஆள் அனுப்பினார்: வருகிற திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், பிறகு இந்த வருடம் பரீட்சை எழுத முடியாது.

"படிச்ச வரைக்கும் போதும். கம்பெனிக்கு வரட்டும். அக்காகூட மேசையில ஒரு எடம் கேட்டுப் பாக்கறேன்" என்றார் அப்பா. அவர் கோபமாகச் சொல்லவில்லை. சோர்ந்துபோய்ச் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை. கம்பெனிக்கு ஒரு புதுப் பட்டறையிலிருந்து துணி வந்தது. கொண்டுவந்த ஆள் மூட்டையைப் பிரித்து, "பாருங்கம்மிணி, பால் மாதிரி" என்றார். பால் மாதிரிதான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெளுக்காத துண்டைத் தேடினேன். அந்த மூட்டைக்கு வெட்டி வைக்க யாரோ மறந்திருந்தார்கள்.

"துண்டு இல்லாம எப்புடீங்க சொல்றது?" என்றேன்.

"அது எதுக்குங்க? இதப் பாத்தாலே தெரியுதில்லீங்க?"

"இதப் பாத்தா இது மட்டுந்தானுங்க தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்தேன். எதிர்மேசையில் சிநேகிதி பஞ்சுத் தூசிக்கு நடுவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போன வருடம் அவள் முகமும் என் முகம் மாதிரிதான் இருந்தது. இன்னும் மோசம் என்றுகூடச் சொல்லலாம். அவள் வீட்டில் அதையெல்லாம் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. மருந்து இல்லை, பத்தியம் இல்லை. இப்போது அவள் கன்னத்தில் சூரிய வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போயிற்று. என்னுடைய வெளுக்காத துண்டு இத்தனை மாதமாக எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து, என் கடலைக்காயில் பாதியைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

ஒரு முகத்தை வைத்து எல்லாவற்றையும் முடிவு கட்டிவிட முடியாது என்று எனக்குத் தெரியும். இரண்டு முகத்தை வைத்தும் முடியாது. ஆனால் என் தங்கை மேல் பழி போடவும் அதே அளவுக்கு முடியாதே! அன்று சாயங்காலம்வரை எத்தனை துணி பார்த்தேன், எதைத் தள்ளினேன் என்று ஒன்றும் நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மண்டலம் முழுக்கக் கடலைக்காய் தின்றதை, பெட்டியில் விழுந்த தோல் என்னுடையது என்பதை, சிநேகிதி எந்த மருந்தும் போடாததை. அடி விழும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என் தலையைத் தடவினாள். "தங்கச்சிக்காகப் பழிய உன்ற தலையில போட்டுக்கறயா சாமி?" என்றாள். கண் கலங்கியிருந்தாள்.

"இல்லீங்கம்மா, நெசமாலுமே நாந்தான் தின்னேன்."

"நீ தின்னிருந்தா உன்ற மூஞ்சி எப்புடி சுத்தமாகும்? எனக்குத் தெரியாதா?"

சாட்சியே பொய் என்று சொன்னாலும் சாட்சியை விட மாட்டேன் என்கிறாள். பல வருடம் கழித்து, எனக்கு முதல் குழந்தை பிறந்த பிறகு, முகம் முழுக்கப் பரு திரும்பவும் வந்தது. என்னைப் பார்க்க வந்த அம்மா குழந்தையைக் கையில் வாங்கும் முன் கேட்டது, "என்னத்தத் தின்னே?" என்றுதான். கெட்ட மனுஷி இல்லை என் அம்மா. எங்கள் இருவர் மேலும் உயிரையே வைத்திருந்தாள்.

கொல்லைக்குப் போனேன். தங்கை துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அன்றைய பூச்சைக் குழைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே பேசியது முழுவதும் அவள் காதில் விழுந்திருந்தது.

"அந்தத் தோலு உன்றதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுக்கா" என்றாள்.

"தெரிஞ்சுமா சொல்லலே? ஏன்?"

விரலால் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "நீ தின்னும் உனக்குச் சரியாப் போச்சு. நான் திங்காமயும் எனக்கு ஆகலே. அப்ப கொற என்ற ஒடம்புலதான்னு நெனச்சேன். தோலு உன்றதுன்னுஞ் சொன்னா, பத்தியம் தப்புனதுனாலதான்னு சொல்லிக்கறதுக்குக்கூட ஒண்ணுமில்லாமப் போயிருமல்ல?"

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு, என் சிநேகிதியின் முகத்தைப் பற்றிச் சொன்னேன். கணக்கில் விடை தப்பியவள் எந்த வரியில் தப்பியது என்று தேடுவதுபோலக் கேட்டாள்.

"அவ ஒண்ணுமே பூசலயா?"

"ஒண்ணுமே பூசலே."

"கடலக்காய் தின்னாளா?"

"என்கூடத்தான் தின்னா."

"தெனமுமா?"

"தெனமும்."

கிண்ணத்தை எடுத்துப் பூச்சைக் கொட்டினாள். பிறகு தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு முகத்தைக் கழுவினாள்.

திங்கட்கிழமை காலை தாவணி கட்டி, புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முகம் முழுக்கப் பரு அப்படியே இருந்தது. வழக்கமாக முந்தானையை இழுத்துக் கன்னத்தை மறைத்துக்கொள்கிறவள், அன்றைக்கு அதை இடுப்பில் செருகியிருந்தாள்.

"இந்த மூஞ்சியோடயா போறே அம்மிணி?" என்றாள் அம்மா.

"என்கிட்ட இருக்கறது இதுதானுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் வீதியில் இறங்கி நடந்தாள்.