கட்டத்துக்குள் அடங்காத பேச்சியம்மாள்

கட்டம் போட்டுப் பிரின்ட் எடுத்துக் கொடுக்கும் தொழிலில், தப்பு நம்முடையது என்றாலும் பழியைக் கம்ப்யூட்டர் தலையில் போடலாம் என்பது ஒன்றுதான் சௌகரியம். பீர்மேட்டில் ஜீப்புகள் திரும்பும் வளைவில் என் கடை. என் பிரின்டர் ஓடுகிற வேகத்தில் எதிர்மலை மேகமே கலைந்து ஓடும். நம்பாதவர்கள் மழைக்காலத்தில் வந்து பார்க்கலாம். அப்பேர்ப்பட்ட எனக்கு, போன அம்மன் கொடைத் திருவிழாவில் நேர்ந்ததைக் கேளுங்கள். கம்ப்யூட்டர் ஷீட்டில் கட்டத்தை இழுத்து இழுத்து விரல் தேய்ந்தவர்களுக்காவது என் வலி புரியும்.

கம்பிவேலி

எஸ்டேட் கோயில் கமிட்டிப் பொருளாளர் கொடை நோட்டீஸ் அடிக்கச் சொன்னார். தேதி, நிகழ்ச்சி, தலைமை, மண்டகப்படி என்று மேலிருந்து கீழாக நாலு பத்தி. லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசை ஒவ்வொன்றும் ஒரு நாள் பூசையை ஏற்று நடத்துவதுதான் மண்டகப்படி. எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கட்டும் என்று தேதிப் பத்தியை நெருக்கினேன். இடம் போதாவிட்டால் கம்ப்யூட்டர் தேதியைக் காட்டாது. கட்டம் முழுக்க ##### என்று போட்டுவிடும். பார்க்காமலே பிரின்ட்டை நீட்டினேன். பொருளாளர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, கொடை என்னைக்குன்னு கேட்டா கம்பிவேலி கட்டி வச்சிருக்கீரு?"

தானாக விரிந்த பத்தி

பத்திக் கோட்டின்மேல் இரண்டு தட்டு தட்டினால், உள்ளே இருப்பதற்கு ஏற்றபடி அது தானே விரியும். வித்தை தெரிந்தவன் என்று காட்ட, எல்லாப் பத்தியையும் சேர்த்துப் பிடித்துத் தட்டினேன். விரிவது, இருப்பதிலேயே நீளமான வரிக்குத் தக்கபடி. முதல் நாள் தலைமை பொருளாளர். 'முன்னாள் செயலாளர், இந்நாள் பொருளாளர், சங்க ஆலோசகர், கைப்பந்துக் குழுப் புரவலர்' என்று பெயருக்கு முன்னால் எழுதித் தந்திருந்தார். பத்தி குமுளி வரைக்கும் நீண்டது. மண்டகப்படிப் பத்தி இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. தொழிலாளர்களைக் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் முதல் பக்கத்தை மட்டும் ஒட்டினார்கள்.

மற்ற லயங்களின் நாள் பேப்பரில் இல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரியும். கீழ லயத்துக்கோ இதுதான் முதல் மண்டகப்படி. கமிட்டியோடு மல்லுக்கட்டி அதை வாங்கியவர், கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாள். கூடையோடு நேராகக் கடைக்கு வந்தார்.

"உனக்கு யாரு மண்டகப்படி குடுத்தான்னு சங்கரன்கோவில்ல எங்க மதினி சிரிக்கா. நேர்ல பாக்க வேற வாரா. பொருளாளருக்குத் தெரு அகலத்துக்கு எடம், எனக்கு வாசப்படிகூட இல்லையா அண்ணாச்சி?"

மரியாதைக் கட்டம்

கூசிப்போய்விட்டேன். பொருளாளரின் பட்டங்களை வரிவரியாக மடக்கினேன். அந்தக் கட்டம் தானே உயர்ந்தது. பேச்சியம்மாளுக்கு மரியாதை செய்வோமே என்று அவருக்கு மட்டும் இரண்டு கட்டத்தைச் சேர்த்து ஒன்றாக்கி, எழுத்தையும் பெரிதாக்கினேன். சேர்த்த கட்டம் தானாக உயராது என்பது இந்த மேதைக்குத் தெரியவில்லை. 'கீழ லயம், கொழுந்துக்காரி' என்கிற முதல் வரி தெரிந்தது. அடுத்த வரியில் இருந்த பெயர் கட்டத்துக்குள்ளேயே முங்கிவிட்டது. சுவரில் ஒட்டிய பிறகுதான் பார்த்தோம்.

"கீழ லயத்துல நாங்க அம்புட்டுப் பேரும் கொழுந்துக்காரிதான். இது எவ மண்டகப்படின்னு அம்மன் வீடு வீடா ஏறி விசாரிப்பாளா?"

இரண்டாவது வரி

மறுபடி அடிக்கலாமென்றால், காற்றுமழையில் மலை முழுக்கக் கரண்ட் இல்லை. கையால் எழுதித் தருகிறேன் என்றேன். "கெஞ்சிக் கேட்டு ஒட்டவச்சதுன்னு மதினி சொல்லுவா" என்று பேச்சியம்மாள் மறுத்துவிட்டார். மண்டகப்படியன்று சாயங்காலம் என்னை நோட்டீஸ் பக்கத்தில் நிறுத்தினார். யார் வாசித்தாலும், 'கொழுந்துக்காரி' என்றதும் நான் "பேச்சியம்மாள்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னேன். பொருளாளர் வந்து வாசித்தபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய மதினி, கட்டத்தில் விரல் வைத்து எழுத்துக்கூட்டினார். நான் என் பங்கைச் சொன்னதும் திடுக்கிட்டுத் திரும்பி, "யாரு பேச்சி இவரு?" என்றார்.

"எங்க நோட்டீஸோட ரெண்டாவது வரி, மதினி. நல்லாக் கேட்டுச்சுல்ல?"

சக பாவிகளே, நரைத்த தலையோடு நாலு பேர் நடுவில் வரியாக நின்று கால் கடுத்தவன் சொல்கிறேன், பிரின்ட்டைக் கையில் கொடுக்கும் முன் ஒரு தடவை வாசித்துத் தொலையுங்கள்.