கோத்தகிரி நீலம்

என் மேசை இழுப்பறையில் ஒரு கறுப்பு பாலித்தீன் உறை இருக்கிறது. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பனியன் துணி, ஓரங்கள் பல்பல்லாக வெட்டப்பட்டு ஒரு கெட்டி அட்டையில் பின் அடிக்கப்பட்டிருக்கிறது. சாம்பல் கலந்த நீலம். எந்த ஆர்டர், யாருக்கு என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில், உருண்டையான கையெழுத்தில் ‘கோத்தகிரி, காலை எட்டு மணி’ என்று மட்டும் இருக்கும். திருப்பூரில் இப்படித் துண்டுத் துணி இல்லாத மேசை கிடையாது. ஆனால் எந்த வெளிநாட்டுக்காரரும் கேட்காத, ஒரு சட்டைகூட ஆகாத நிறத்துக்கு மாதிரித் துணி வைத்திருப்பவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதைச் செய்தவர் எங்கள் டையிங் மாஸ்டர்.

பெருமாநல்லூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த கம்பெனியில், சாயப் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. ஆர்டர் கொடுப்பவர்களிடம் பேசி வாங்கி, சொன்ன நாளுக்குள் சரக்கை அனுப்பி வைப்பது என் பொறுப்பு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்றாலும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். சாயம் முடிந்து வரும் ஒவ்வொரு துணியையும், ஒப்புதல் வாங்கிய மாதிரித் துணியோடு வைத்துப் பார்த்து, சரி என்றால் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அந்த நிறத்தைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. நிறம் பார்க்க மெஷின் வந்த பிறகும் முதலாளி, “மாஸ்டர் பாத்துட்டாருங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்கு விடுவார்.

அவர் பார்க்கிற விதமே தனி. லைட் பாக்ஸ் என்ற விளக்குப் பெட்டிக்குள் இரண்டு துணிகளையும் வைத்துவிட்டு, உடனே பார்க்க மாட்டார். பக்கத்துச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். முதலில் அதைப் பார்த்துக்கொண்டு அரை நிமிடம் சும்மா நிற்பார். வேலையை முடுக்க வந்து நிற்கிற எனக்கு அந்த அரை நிமிடம் அரை நாளாகத் தெரியும். “ஒரே கலரையே உத்துப் பாத்துட்டு இருந்தா கண்ணு பழகிப்போயி ஏமாத்திப் போடுமுங்க தம்பி. கொஞ்சம் வேறெங்கியாவது பாத்துட்டுத் திரும்பி வரோணும்” என்பார். இந்த வாக்கியத்தைப் பின்னால் நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு உறுத்தல்.

தீபாவளிக்குத் திருப்பூர் பத்து நாள் அடைத்துக்கிடக்கும். வெளியூர்க்காரர்கள் எல்லாம் பஸ்ஸும் ரயிலும் ஏறிவிட, ராயபுரம் தெருக்களில் மெஷின் சத்தம் நின்று காக்கைச் சத்தம் கேட்கும். மாஸ்டர் ராயபுரத்துக்காரர். தீபாவளிக்கு மறுநாள் அவரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி போய்விடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் அதே ஊர், அதே வீட்டு மாடியில் அதே அறை, நான்கு நாள். பிள்ளைகள் மீசை முளைத்ததும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். இவர்கள் நிறுத்தவில்லை.

அங்கே போய் என்ன செய்வார்கள் என்று கேட்டால் சிரிப்பு வரும். காலையில் ஒரு வளைவில் இருக்கும் சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் போய் உட்காருவார்கள். எட்டு மணி வாக்கில் பனி விலகி எதிர் மலை கால் மணி நேரம் தெளிவாகத் தெரியும். அதைப் பார்ப்பார்கள். பிறகு மூடிக்கொள்ளும். எழுந்து வந்து இட்லி சாப்பிடுவார்கள். அவ்வளவுதான் சுற்றுலா. போக ஆரம்பித்த மூன்றாம் வருஷம், அந்த மலையின் நிறத்தை நினைவில் வைத்தே கம்பெனி லேப்பில் ஒரு துண்டுத் துணிக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார். அடுத்த தீபாவளிக்கு எடுத்துப்போய் மலைக்கு நேரே பிடித்தால், பச்சை கொஞ்சம் தூக்கல். திருத்தினார். அதற்கடுத்த வருஷம் சாம்பல் போதவில்லை. ஒரு திருத்தத்துக்கு ஒரு வருஷம் காத்திருந்து, நான்காவது தடவை ஒத்துப்போனது. வெளிச்சம் பட்டால் வெளுக்கும் என்று கறுப்பு உறையில் போட்டு வைத்தார். அதன்பின் வருஷத்துக்கு ஒரு முறை உறையைப் பிரித்து மலைக்கு நேரே பிடித்துப் பார்ப்பது அவருக்கு ஒரு வழக்கமாகிவிட்டது.

நான் நேர் எதிர். ஒரு தடவை போன ஊருக்கு மறு தடவை போவது காசைக் கொட்டிக் கண்ணை மூடிக்கொள்வது என்பது என் கட்சி. மூணாறு, கூர்க், ஹம்பி, கோவா என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு புது ஊர். வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மைகளே அதற்குச் சாட்சி. கம்பெனி வாசல் டீக்கடையில் மாஸ்டரை நான் கிண்டல் செய்யாத நாள் இல்லை. “என்னங்க மாஸ்டர், மலை அங்கயே இருக்குதுங்களா, நகந்துபோச்சுங்களா?” என்பேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. “வருசம் பூராத்துக்கும் வேற கலரைத்தானுங்களே பாக்கறேன். நாலு நாள் அதைப் பாத்தா சலிச்சுருமுங்களா?” என்று டீயை ஆற்றுவார்.

ஒரு தீபாவளி விடுமுறை முடிந்து வந்தவர், டீக்கடையில் வழக்கத்துக்கு மாறாகச் சும்மா இருந்தார். என்ன என்று கேட்டேன். “இந்தத் தடவ மல நல்லாயில்லீங்க தம்பி. தண்ணி ஊத்தி அலசின மாதிரி இருக்குது” என்றார். துணியைப் பிடித்துப் பார்த்தீர்களா என்றேன். “பாத்தனுங்க. துணியும் மலையும் ஒத்துத்தான் போகுது. ஆனா ரெண்டுமே பழைய கலரா இல்லீங்க.” அக்கா என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “அவளுக்கு எப்பயும்போலத்தான் இருக்குதாமா.”

எதற்கும் ஒரு காரணம் கையில் வைத்திருப்பவன் நான். யோசிக்கக்கூட இல்லை. “மாஸ்டர், துணியோட மலை ஒத்துப்போகுதுன்னா மலை மாறலை. மாறுனது உங்க மனசு. ஒரே கலரையே பாத்துட்டு இருந்தா கண்ணு ஏமாத்தும்னு நீங்கதான சொல்லுவீங்க. இருபது வருஷமா அதே மலை, சலிச்சுப்போச்சு. ரெண்டு வருஷம் வேற ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வாங்க, எல்லாம் சரியாயிரும்” என்றேன். அவருடைய சாம்பல் சுவரை எடுத்து அவருக்கே நீட்டிவிட்ட பெருமை எனக்கு. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்படியும் இருக்குமுங்க” என்றார்.

அடுத்த தீபாவளிக்குக் கன்னியாகுமரி போனார்கள். அதற்கடுத்த தீபாவளிக்கு ராமேஸ்வரம். இரண்டுக்கும் நானே ரூம் போட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்து கடல் பிரமாதம் என்றார். முதல் முறையாகப் பார்க்கிற கடல் எந்த நீலத்தில் இருந்தால்தான் என்ன, ஒப்பிட அவரிடம் எதுவும் இல்லை. பார்த்தீர்களா, நான் சொன்னேன் அல்லவா என்று நான்கு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

ராமேஸ்வரம் போய்வந்த இரண்டாம் மாதம், கைக்குழந்தைகளுக்கான வெளிர்நீலச் சட்டை ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தைத்து முடித்துச் செக்கிங்குக்கு வந்துவிட்டது. அங்கே ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண், ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டி, “அண்ணா, உடம்பு வேற நீலம், கை வேற நீலம்” என்றாள். உடம்புக்கும் கைக்கும் துணி வேறு வேறு தடவை சாயம் போட்டது. இரண்டிலும் மாஸ்டரின் கையெழுத்து இருந்தது. மெஷினில் மாதிரி மட்டும் பார்த்துவிட்டு, மீதியை அவர் கண்ணை நம்பி விட்டிருந்தோம்.

மாஸ்டரை வரச்சொன்னோம். வந்து சட்டையை வாங்கிப் பார்த்தார். “ரெண்டும் ஒண்ணுதானுங்களே” என்றார். விளக்குப் பெட்டிக்கு எடுத்துப் போனோம். சாம்பல் சுவரை அரை நிமிடம் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். மறுபடியும் சுவர், மறுபடியும் சட்டை. சுற்றி நின்ற ஐந்தாறு பேருக்கும் பளிச்சென்று தெரிந்த வித்தியாசம் அது. அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் முகத்திலிருந்துதான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சட்டையை மடித்து அந்தப் பெண்ணிடமே கொடுத்து, “நீ சொன்னதுதான் சரி, கண்ணு” என்றார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

முதலாளி நல்ல மனிதர். “மொதல்ல கண்ணப் பாத்துட்டு வாங்க மாஸ்டர், உங்க எடம் எங்கியும் போகாது” என்றார். கோயம்புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகிக்கொண்டே வந்திருக்கிறது, அதனால் நீலம்தான் முதலில் மங்கும், மெல்ல வருவதால் ஆளுக்கே தெரியாது என்றார். “மூணு வருஷமாவது ஆயிருக்கணும். எங்கயுமே ஏதாவது மாறின மாதிரி தோணலையா உங்களுக்கு?”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலையும் துணியும் ஒன்றுபோல் மங்கியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இரண்டும்தான் மங்கும். இருபது வருஷமாக ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்குப் போன ஒரு மனிதருக்கு மட்டுமே கிடைக்கக்கூடிய தகவல் அது. அந்த மலை அவரிடம் சொல்லத்தான் செய்தது. நான்தான் குறுக்கே புகுந்து வாயை அடைத்துவிட்டேன். மாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. “தெரிஞ்சுதுங்க டாக்டர். நான்தான் சலிப்புன்னு நெனச்சுட்டனுங்க” என்றார்.

திரும்பி வரும்போது அவிநாசி தாண்டியதும், “என்னாலதானுங்க மாஸ்டர்” என்று ஆரம்பித்தேன். “ரோட்டப் பாத்து ஓட்டுங்க தம்பி. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல, உங்களுக்காவது தெரியட்டும்” என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஓட்டினேன்.

ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பினார். மேலும் சில வருஷம் வேலையில் இருந்தார். ஆனால் நீலம் என்றால் அவர் கையெழுத்துக்குப் பிறகும் யாராவது ஒருவர் துணியை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்கள். முன்பு அப்படிச் செய்ததில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்கு அது ஒவ்வொரு முறையும் முள்ளாகக் குத்தியது.

ஆபரேஷன் நடந்த வருஷத் தீபாவளிக்கு, “கோத்தகிரி போறமுங்க, நீங்களும் வாங்களேன்” என்று மாஸ்டர் கூப்பிட்டார். அந்த வருஷம் ராஜஸ்தான் போவதாக இருந்தோம். அதை விட்டுவிட்டு, நானும் என் மனைவியும் அவர்களோடு போனோம். காலையில் அந்தக் கட்டைச் சுவரில் நால்வரும் உட்கார்ந்தோம். குளிரில் என் பல் தந்தியடித்தது. எட்டு மணிக்குப் பனி விலகியது. மாஸ்டர் உறையைப் பிரித்துத் துணியைக் கைநீட்டிப் பிடித்தார். பிடித்த கையை இறக்கவே இல்லை. அக்கா அவருடைய முழங்கையைத் தாங்கிக்கொண்டார். பனி மறுபடி மூடிய பிறகுதான் பேசினார். “மல எங்கியும் போகலீங்க. நாந்தான் எங்கியோ போயிட்டு வந்திருக்கறேன்.” அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் நாங்களும் அவர்களோடு அங்கேதான். ஃபிரிட்ஜ் கதவில் புதிதாகப் பொம்மை எதுவும் ஏறவில்லை. நான்காவது தடவை போனபோதுதான், அந்த மலையின் இடதுபக்கம் ஒரு மெல்லிய அருவி இருப்பதே என் கண்ணில் பட்டது.

இந்த வருஷம் ஆடியில் மாஸ்டர் காலமானார். தூக்கத்திலேயே போய்விட்டார். காரியம் முடிந்த பிறகு அக்கா அந்தக் கறுப்பு உறையை என்னிடம் கொடுத்து, “இது உங்ககிட்ட இருக்கட்டுமுங்க” என்றார். தீபாவளிக்குப் போவதா வேண்டாமா என்று எனக்குத் தயக்கம். அக்கா, “ஏனுங்க தம்பி, ரூம் சொல்லியாச்சுங்களா?” என்று சாதாரணமாகக் கேட்டார். மூன்று பேராகப் போனோம்.

கட்டைச் சுவரில் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தோம், யாரும் சொல்லிக்கொள்ளாமலே. பனி விலகியது. துணியை நான் பிடித்தேன். மலையும் துணியும் ஒத்துத்தான் போயின. ஆனால் இரண்டுமே பழைய நிறமாக இல்லை. இந்தத் தடவை நான் எந்தக் காரணமும் சொல்லிக்கொள்ளவில்லை. “அக்கா, மலை உங்களுக்கு எப்படிங்க தெரியுது?” என்று கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். “மங்கலாத்தானுங்க இருக்குது” என்றார்.

ஊர் திரும்பியதும் அக்காவையும் கூட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். மருந்து விட்டு, விளக்கடித்து, எழுத்துப் படிக்கவைத்து எல்லாம் பார்த்தார். இரண்டு பேர் கண்ணும் நன்றாக இருக்கிறது, புரை இல்லை, ஒன்றும் இல்லை என்றார். அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன்.

உறையை இன்று இழுப்பறையில் திரும்ப வைத்தேன். அடுத்த தீபாவளிக்கும் அதே அறையைச் சொல்லிவிட்டேன்.