பீலிக்குத் திரும்பிய பாக்கியம்

செவ்வாய்க்கிழமை கிளினிக் முடியும் நேரத்தில் செய்தி வந்தது. வெளியே மழை பிடித்திருந்தது. தொலைபேசியில் பாக்கியத்தின் மகள் செல்வி, அழுது ஓய்ந்த குரலில், "அம்மா காலையில போயிட்டாங்க மிஸ்ஸி. உங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு சொல்லி வச்சிருந்தாங்க" என்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்டுவந்த காயக்கட்டைப் போய் முடித்தேன். கைகள் தாமாக வேலை செய்தன. பிறகு நடைபாதையில் நடந்தபோது அது வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. மழைச் சத்தத்துக்குள் எதிரே வந்தவர்களின் வாயசைவு மட்டும் தெரிந்தது.

உங்களில் பலர் பாக்கியத்தை அந்த நடைபாதைப் பெஞ்சில்தான் பார்த்திருப்பீர்கள். மார்பில் கட்டி என்று தோட்டங்களிலிருந்து சீட்டோடு வந்து, பெயர் கூப்பிடும்வரை சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்த உங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மெலிந்த பெண் அவர்தான். ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர் என்று பலரும் நினைத்தார்கள். இல்லை. கஹவத்தையைத் தாண்டி ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். நான் வாட்டில் தாதி; தோட்டத்துப் பெண்கள் தாதிகளை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எங்கள் பழக்கம் நான் சொன்ன ஒரு பொய்யில் தொடங்கியது. அதை எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. றக்வானைப் பக்கம் தேயிலை மலையில் பிறந்து வளர்ந்த நான், பெண்கள் சத்திரசிகிச்சை வாட்டுக்கு மாற்றலாகி வந்திருந்தேன். அங்கே தமிழ் பேசும் தாதி நான் ஒருத்திதான். தோட்டத்துப் பெண்களுக்கு விளக்கம் சொல்லவும், ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து வாங்கவும் என்னைத்தான் அனுப்புவார்கள். பாக்கியத்துக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் டொக்டர் தன் மாணவர்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார். கட்டிலில் படுத்தபடி அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார் பாக்கியம். போகும்போது டொக்டர், "பய வென்ன எபா" என்று சிங்களத்தில் சொல்லிச் சென்றார். பயப்படாதே என்று அர்த்தம். அதற்குப் பிறகு நான் கையெழுத்துத் தாளோடு போனேன்.

"கட்டிய மட்டுந்தானே மிஸ்ஸி எடுப்பாங்க?"

மார்பை முழுதாக எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைக் கேட்ட சில பெண்கள், வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போய், புண் உடைந்து நாற்றமெடுத்த பிறகு திரும்பி வந்ததைப் பார்த்திருந்தேன். இவரும் போய்விடக்கூடாது. "ஆமா, சின்ன ஒப்பரேஷன்தான்" என்றேன். அவர் ஒவ்வோர் எழுத்தாக, கோலம் போடுவதைப்போலத் தன் பெயரை எழுதிக் கொடுத்தார்.

ஒப்பரேஷன் முடிந்த மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது பார்த்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்து, "தெரிஞ்சுதான் அன்னைக்கி அப்படிச் சொன்னீங்களா?" என்று கேட்டார். ஆம் என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பின் என்னோடு தமிழில் ஒரு சொல் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் வலி என்றாலும், பக்கத்திலேயே நான் நிற்க, அடுத்த வரிசையில் நின்ற சிங்களத் தாதியைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் கேட்டார். ஏழெட்டு நாள் அப்படிப் போயிற்று. அந்தக் கட்டிலருகே போகும்போதெல்லாம் எனக்கு மொழியே இல்லாததுபோல் இருக்கும்.

வீட்டுக்குப் போகும் நாள் காலையில் அவரே என்னைக் கூப்பிட்டார். தையல், மருந்து, கையை உயர்த்தும் பயிற்சி எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் கேட்டது வேறு.

"பீலியில எப்படி மிஸ்ஸி குளிக்கிறது?"

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே மலைத்தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும் இடம்தான் பீலி. தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் அங்கே ஒன்றாகத்தான் குளிப்போம், உள்பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு. ஒரு பக்கம் இல்லையென்றால் அந்தக் கட்டு நிற்காது. நான் படித்த எந்தப் பாடத்திலும் இது இருக்கவில்லை. பீலியிலேயே குளித்து வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை. வாட்டுக் குளியலறைக்குள் போய் இரண்டு மூன்று விதமாகக் கட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் துணி மெதுவாக நழுவி இறங்கியது. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

மறுபரிசோதனைக்கு அவர் வரவில்லை. இரண்டு தவணை தவறிய பிறகு லீவு போட்டுவிட்டு அவருடைய தோட்டத்துக்குப் போனேன். றப்பர் இலை உதிரும் காலம். பஸ்ஸிலிருந்து இறங்கி மரங்களுக்கிடையே நடந்தேன். காற்றே இல்லை. ஆனாலும் சிவந்த இலைகள் எங்கிருந்தோ புறப்பட்டு, அவசரமில்லாமல் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தன. வெறுங்கிளைகளுக்குள்ளால் வந்த வெளிச்சம் சருகின்மேல் பரந்து கிடந்தது. என் காலடிச் சத்தம் வேறு யாரோ பின்னால் நடந்து வருவதுபோலக் கேட்டது. அந்த நடையைக் கனவில் நடந்தேனோ என்று இன்றும் சில வேளை எனக்குச் சந்தேகம் வரும்.

பாக்கியம் லயத்துக் காம்பராவுக்குள், தங்கள் ஒற்றை அறைக்குள், இருந்தார். கணவருடைய சட்டையைப் போட்டிருந்தார். காயம் நன்றாக ஆறியிருந்தது. கையும் மேலே போனது. ஆனால் வேலைக்குப் போகவில்லை, வாசலுக்கே வரவில்லை. அடுப்படி மூலையில் சாக்கைத் தொங்கவிட்டு அதற்குள் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் இராமையா தினமும் இரண்டு வாளி தண்ணீர் சுமந்து வந்து வைத்துவிட்டு, அவர் குளித்து முடிக்கும்வரை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நிற்பாராம்.

"அவரு ஒரு வார்த்த சொல்லல மிஸ்ஸி. சொன்னாலும் பரவாயில்ல. அந்த மனுசன் மொகத்த எப்படிப் பாக்குறதுன்னு எனக்குத் தெரியல."

அப்போதுதான் நான் மன்னிப்புக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் நீங்கள் போய்விடுவீர்கள் என்று பயந்தேன் என்றேன். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"ஆமா, ஓடிப்போயிருப்பேன். செத்தும் போயிருப்பேன். ஆனா ஓடுறதா நிக்கிறதாங்கிறது எங்கிட்ட இருந்திருக்கணும் மிஸ்ஸி. அதையும் சேத்துல்ல எடுத்துட்டீங்க."

அவர் சுடுதேத்தண்ணி ஊற்றித் தந்தார். குடித்து முடித்ததும், "பீலிக்குப் போவோமா? நீங்க கூட வாங்க" என்றார்.

மத்தியானமாகிவிட்டதால் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தோம். மூன்று பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் படியில் நின்றுவிட்டார். திரும்பிப் போகலாம் என்று நான் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அவராக இறங்கினார். பாவாடையை ஏற்றிக் கட்டித் தண்ணீருக்குக் கீழே நின்றார். கொஞ்ச நேரத்தில் கட்டு நழுவியது. அவர் அதைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோய், பிறகு பிடிக்காமலே விட்டுவிட்டார்.

துவைக்கும் சத்தம் நின்றது. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மூவரில் ஒருத்தி, அடுத்த காம்பராக் கருப்பாயி, எழுந்து வந்து, "முதுகு தேச்சு விடவா?" என்று கேட்டாள். பாக்கியம் தலையசைத்தார். கருப்பாயி தேய்த்துக்கொண்டே அந்தத் தழும்பைப் பார்த்தாள். மறைக்காமல், நேராகப் பார்த்தாள். "நோவுதா?" என்றாள். "இப்ப நோவல" என்றார் பாக்கியம். கரையில் நின்ற நான்தான் அழுதேன்.

அடுத்த மாதக் கிளினிக்குக்கு அவர் வந்தபோது தனியாக வரவில்லை. அன்று பீலியில் இருந்த இன்னொரு பெண்ணை அழைத்து வந்திருந்தார். அவளுடைய மார்பிலும் கட்டி இருந்தது; யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாளாம். அவளோடு பெஞ்சில் உட்காரத் தொடங்கியவர்தான், பன்னிரண்டு வருடம் அந்தப் பெஞ்சை விடவில்லை. டொக்டர் சொன்னதை உள்ளபடியே சொல்வார். "முழுசா எடுப்பாங்க. அழுவீங்க. அழுங்க. அப்புறம் குளிக்கப் போவீங்க." கேட்பவருக்கு விருப்பமென்றால் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்த் தன் தழும்பைக் காட்டுவார். பயந்த முகத்தோடு உள்ளே போனவர்கள், ஏதோ சாதாரணமான ஒன்றைப் பார்த்துவிட்ட முகத்தோடு வெளியே வருவார்கள்.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொல்லமாட்டேன். மாலா என்று ஒரு பெண், கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாக்கியம் உண்மையைச் சொன்ன அன்றே வாட்டைவிட்டுப் போய்விட்டாள். டொக்டர் என்மேல் கோபப்பட்டார். நான் பாக்கியத்தின்மேல் கோபப்பட்டேன். "பாத்தீங்களா, இதுக்குத்தான் அன்னைக்கி நான் மறைச்சேன்" என்றேன். அவர் மாலாவின் தோட்டத்தின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போனார். இரண்டு பஸ் மாறி, மலை ஏறி, முன்பின் தெரியாத அந்த வீட்டில் இரண்டு நாள் தங்கினார். மூன்றாம் நாள் மாலாவும் அவள் புருசனும் பாக்கியத்தோடு வந்து நின்றார்கள். அங்கே என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. அவ பேசட்டும்னு ஒக்காந்திருந்தேன்" என்றார். மாலா இன்று இரண்டு பிள்ளைகளின் தாய். அப்படித் தேடிப்போயும் வராமல் இறந்தவர்கள் இரண்டு பேர் உண்டு. அவர்களுடைய சாவு வீட்டுக்கும் பாக்கியம் போனார்.

என்னையும் ஒருமுறை அவர் அந்தப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார். ஒரே வாரத்தில் வாட்டில் பலர் இறந்த சமயம். சாப்பாடு இறங்கவில்லை, கட்டு மாற்றிய கட்டிலுக்கே திரும்பவும் கட்டு மாற்றப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. நடைபாதையில் போன என்னை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "உங்க ஒடம்பு உங்ககிட்ட என்னமோ சொல்லுது. கேளுங்க" என்றார். அடுத்த நாளே நான் லீவு எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். மலையில் ஒரு வாரம் மூடுபனிக்குள் தூங்கித் தூங்கி எழுந்தேன். பசி திரும்பி வந்தது.

போன வருடம் அவருக்கு இருமல் வந்தது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வெளியே வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். நெஞ்சுக்குள் பரவிவிட்டது, குணமாக்க முடியாது, வலியைக் குறைக்கலாம் என்றேன். அவர் என் முழங்கையில் கைவைத்தார். பிறகு, தனக்குச் செய்ய வேண்டியது என்னென்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். செல்வியின் கலியாணம் முதலில் இருந்தது. அது போன ஆவணியில் நடந்தது. பாக்கியம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். கடைசி மாதங்களில் அவரைக் குளிப்பாட்டியது இராமையாதான் என்று செல்வி சொன்னாள். அடுப்படி மூலைச் சாக்கை எப்போதோ கழற்றிப்போட்டுவிட்டார்களாம்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு படம்கூட இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: சொல்லக் கஷ்டமானதைச் சொல்லிவிட்டு எழுந்து போகாமல் இருப்பது. நாங்கள் எல்லோரும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவோம். வேலை இருக்கும், தாள் இருக்கும். பாக்கியம் எழமாட்டார். எதிரில் இருப்பவர் முதல் வார்த்தை பேசும்வரை அப்படியே இருப்பார்.

சாவு வீட்டிலிருந்து வந்த அடுத்த கிளினிக்கில், மார்பை முழுதாக எடுக்க வேண்டும் என்று நடுவயதுப் பெண் ஒருத்தியிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் போனார்கள், வந்தார்கள். யாரோ என்னைக் கூப்பிட்டார்கள்; நான் எழவில்லை. மழை விட்டு, முற்றத்து மரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நேரம் எங்கோ போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவள் என்னைப் பார்த்து, "பசிக்குதுங்க மிஸ்ஸி" என்றாள். இருவரும் எழுந்து சாப்பிடப் போனோம்.