சந்தனப் பொட்டுக்கு வாரண்டி உண்டா?

பட்டுச்சேலை பார்டருக்கு டிசைன் வரைவதுதான் எங்கள் தொழில். முதல் லேப்டாப்புக்கு ஆயுத பூஜைதோறும் என் கணவர் சந்தனம் கரைத்துப் பொட்டு வைப்பார். கீபோர்டு நாலு நாளைக்கு மணக்கும். போன வருடம் சந்தனத் தண்ணீர் உள்ளே வழிந்து, பாதி வரைந்த முகூர்த்தச் சேலை டிசைனோடு அது அணைந்தே போனது.

புதியது வாங்கும்போது, கூடுதல் வாரண்டி எடுத்தால் எல்லாம் அதில் அடங்கும் என்று நினைத்தோம். எதற்கும் இருக்கட்டுமென்று, "சந்தனத் தண்ணி உள்ள போனா?" என்று கேட்டேன்.

கடையிலிருந்த பெண் சிரிக்கவில்லை. "அது வராதும்மா. தானா ரிப்பேரானா மட்டும்தான் இது. தண்ணி பட்டா, கீழ வுழுந்தா, அதுக்கு வேற கவர் இருக்குது."

அதையும் சேர்த்தே எடுத்தோம். இருந்தாலும் இந்த வருடம் பொட்டு லேப்டாப் பைக்குத்தான். வரைய உட்காரும்போது மட்டும் இவர் கீபோர்டை ஒருமுறை முகர்ந்து பார்க்கிறார்.